எவோன் மைல்

எங்கள் ஊரில் யாராவது ஒரு தூரத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டால், "இது நிஜ மைலா, எவோன் மைலா?" என்று கேட்பார்கள். கடையில் கேட்பார்கள், சர்ச் வாசலில் கேட்பார்கள். நான் நிற்பதைக் கவனிக்காமல் கேட்டுவிட்டு, பிறகு கவனித்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். எவோன் என் புருஷன். பன்னிரண்டு வருஷம் இந்தப் பேச்சைக் கேட்டேன். கேட்ட ஒவ்வொரு தடவையும் லைல் ஹாஸ்கலை மனதுக்குள் ஒரு அறை அறைந்தேன்.

ஹாஸ்கல் எங்கள் கம்பெனியின் தலைமை விமானி. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆர்ன் என்கிற முதலாளி, ஆறு குட்டி விமானங்கள், ஒரு தகரக் கொட்டகை, அதன் ஓரத்தில் ஒரு அலுவலகம். எங்கள் ஊரான கஸ்லுக்கிலிருந்து வெளியே போகச் சாலை கிடையாது. மளிகையும் தபாலும் பிரசவ வலி வந்த பெண்களும் இந்த ஆறு விமானங்களில்தான் போய்வர வேண்டும்.

அலுவலகச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வரைபடம். அதில் கஸ்லுக் இருக்கும் இடத்தில் ஒரு பித்தளை ஆணி. ஆணியில் ஒரு மீன்பிடிக் கயிறு தொங்கும். பத்து மைலுக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஒரு ஈயக்குண்டு. போக வேண்டிய இடத்துக்குக் கயிற்றை இழுத்துப் பிடித்து முடிச்சை எண்ணினால் தூரம் வந்துவிடும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். அதோடு அரை மணி நேரம் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றிக்கொள்ள வேண்டும். தினமும் போகிற ஊர்களுக்கு யாரும் கயிற்றைத் தொட மாட்டார்கள். எந்த ஊருக்கு எத்தனை நிமிஷம் என்று விமானிகளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். புதிய இடம் என்றால்தான் கயிறு.

1987 மார்ச்சில் பழைய கயிறு நைந்து அறுந்துபோக, ஹாஸ்கல் புதிதாக ஒன்று கட்டி மாட்டினான். அவன் கட்டிய அதே வாரம், டின் க்ரீக் என்ற சுரங்க முகாமுக்குத் துளையிடும் சாமான் கொண்டுபோகும் வேலை எவோனுக்கு வந்தது. அந்த முகாமுக்கு அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் யாரும் போனதில்லை. எவோன் கயிற்றை இழுத்தான், எண்ணினான், சீட்டில் 160 மைல் என்று எழுதினான். சாமான் கனம் என்பதால் பெட்ரோலைக் கணக்காக ஊற்றிக்கொண்டு கிளம்பினான். எதிர்காற்று சொன்னதைவிடப் பலமாக அடித்தது. அதற்குத்தான் அந்த அரை மணி நேரப் பெட்ரோல். அதுவும் போதவில்லை. முகாமுக்கு ஒன்பது மைல் இருக்கும்போது இஞ்சின் நின்றுவிட்டது.

இரண்டு நாள், மைனஸ் முப்பதில், உடைந்த விமானத்தின் வாலுக்குள் உட்கார்ந்திருந்தான். கண்டுபிடித்துத் தூக்கி வந்தபோது உயிர் இருந்தது. இரண்டு கால்களிலும் எல்லா விரல்களும், இடது கையில் மூன்று விரல்களும் ஆஸ்பத்திரியில் போயின. விமானி உரிமமும் போயிற்று.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். சுவரில் தொங்கிய கயிற்றை அவரே இழுத்து அளந்தார். 184 மைல். எவோன் எழுதியது 160. "இந்தக் கயிறுதான் அன்னிக்கும் தொங்குச்சு, சத்தியமா சொல்றேன். பாவம், நல்ல பையன்தான். எண்ணத் தெரியல" என்றான் ஹாஸ்கல். அந்த "பாவம்" என்ற சொல்லை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஏனென்றால் எனக்கு ஒன்று தெரியும். அந்தக் காலத்தில் நான் அந்த அலுவலகத்தில் பெருக்குகிறவள், காலையில் ஆறு மணிக்குப் போய் அடுப்பு மூட்டுகிறவள். எவோனைக் காணோம் என்று தேடிய நாட்களிலும் போனேன். ரேடியோ அங்கேதானே இருந்தது. இரண்டாம் நாள் காலை அடுப்பைத் திறந்தால், ஆறிப்போன சாம்பலின் மேல் ஒரு கயிறு சுருண்டு கிடந்தது. சுவரைப் பார்த்தேன். அங்கே ஒரு கயிறு தொங்கத்தான் செய்தது. அதே நூல், அதே மாதிரிக் குண்டு. எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. நல்ல ஈயக்குண்டை எங்கள் ஊரில் யாரும் எறிய மாட்டார்கள், வெளியூர்க்காரன்தான் எறிவான் என்று நினைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான்.

விசாரணை முடிந்து பத்து நாள் கழித்துத்தான் அது நினைவுக்கு வந்தது. அலுவலகத்தில் யாரும் இல்லாதபோது இரண்டு கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அடுப்பில் கிடந்த கயிற்றில் முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி அதிகம். வரைபடத்தின் அடியில் இரண்டு அளவுகோல் அச்சிட்டிருக்கும்: ஒன்று தரை மைல், இன்னொன்று கடல் மைல். கடல் மைல் தரை மைலைவிட ஏழில் ஒரு பங்கு நீளம் அதிகம். எங்கள் பழைய விமானங்களின் வேகமானி காட்டுவது தரை மைல். ஹாஸ்கலோ கடற்படையில் பதினைந்து வருஷம் பறந்துவிட்டு வந்தவன். பழக்க தோஷத்தில் கை கடல் மைல் கோட்டுக்குப் போயிருக்கிறது. அந்தக் கயிற்றை டின் க்ரீக்குக்கு இழுத்தேன். பதினாறு முடிச்சு. எவோன் எழுதிய அதே 160.

தவறு யாருக்கும் வரும். அதற்காக நான் அவனைச் சபிக்கவில்லை. தவறு தெரிந்ததும், என் புருஷன் பனியில் விறைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஒரு கயிற்றை அடுப்பில் போட்டுவிட்டு இன்னொரு கயிறு கட்டிக்கொண்டிருந்தானே, அதற்காகச் சபித்தேன்.

ஆர்னிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கயிற்றைத் தொடக்கூட இல்லை. "இத நீயே கட்டியிருக்கலாம் நாஸ்தா. புருஷனுக்காக எந்தப் பொண்டாட்டியும் செய்வா. எவோன் வந்ததும் பெட்ரோல் வண்டி ஓட்ற வேலை போட்டுத் தரேன். ரெண்டு பேருக்கும் சோறு நடக்கணுமா வேணாமா?" என்றார். வாயை மூடிக்கொண்டேன். கயிற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி, வீட்டு மாவு டப்பாவின் அடியில் வைத்தேன்.

எவோனிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் வாசலிலேயே, "நான்தான் முடிச்சத் தப்பா எண்ணிட்டேன் நாஸ்யா" என்று அழுதான். ஊருக்கு நான் நாஸ்தா, அவனுக்கு மட்டும் நாஸ்யா. வீட்டில் துப்பாக்கி இருந்தது. சொன்னால் ஹாஸ்கலைச் சுட்டுவிட்டு ஜெயிலுக்குப் போவான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், எவோன் கையில் கொடுத்தால் கோபத்தில் ஒரே நாளில் வீணடித்துவிடுவான். எனக்கு அது ஹாஸ்கலின் வாயிலிருந்தே வர வேண்டும், ஊர் முழுக்க நின்று கேட்க வேண்டும். அதற்கு எத்தனை வருஷம் ஆனாலும் காத்திருப்பது என்று முடிவு செய்தேன்.

காத்திருந்தேன். பெருக்குகிறவளாக இருந்தவள் ரேடியோ கற்றேன், வானிலை படிக்கக் கற்றேன், ஐந்தாம் வருஷம் புறப்பாட்டு மேசைக்கே வந்தேன். எந்த விமானம் எப்போது கிளம்ப வேண்டும் என்று இப்போது நான்தான் சொல்கிறேன். ஹாஸ்கலுக்கும் நான்தான் சொல்கிறேன். "நாஸ்தா இல்லன்னா இந்த ஆபீஸ் நொண்டி" என்பான், பெட்ரோல் வண்டியைப் பார்த்துக்கொண்டே.

ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை எங்கள் கொட்டகையில் ஒரு போட்டி நடக்கும். விமானிகள் எல்லாரும் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காப்பி டப்பாவில் போட வேண்டும். விமானத்தில் உள்ள கடிகாரத்தையும், இந்த நாலைந்து வருஷமாக வந்திருக்கும் ஜி.பி.எஸ். பெட்டியையும் காகிதம் ஒட்டி மறைத்துவிடுவோம். போகிற இடத்தை அன்று காலையில் நான் அறிவிப்பேன். தூரத்தை அளந்து, போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் என்று சீட்டில் எழுதி மடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சொன்ன நேரத்துக்கு மிக அருகில் திரும்பி வருகிறவன் ஜெயித்தவன். அரை நிமிஷ வித்தியாசத்தில் தோற்றவர்கள் உண்டு. அளக்கிற கயிறு அவனவன் கையால் கட்டியதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஹாஸ்கல் மட்டும் தனியாகக் கயிறு கொண்டுவர மாட்டான். ஆபீஸ் கயிறே அவன் கட்டியதுதானே. ஒன்பது தடவை ஜெயித்திருக்கிறான்.

இந்த வருஷம் மே மாதமே வேலையைத் தொடங்கிவிட்டேன். மாவு டப்பாவிலிருந்து கயிற்றை எடுத்துக் கடும் டீயில் ஊறவைத்தேன். காயவைத்தேன். இஞ்சின் எண்ணெய் தடவினேன், கையால் உருவினேன், மறுபடி டீ. பன்னிரண்டு வருஷ அழுக்கு பன்னிரண்டு நாளில் ஏறிற்று. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அலுவலகத்தைத் திறந்து, ஆணியில் இருந்ததைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இதை மாட்டினேன். 

இடமாக ஹெரிங் முனையை அறிவித்தேன். மூடிப்போன மீன் உப்பிடும் ஆலை, ஒரு சரளைக்கல் ஓடுபாதை. அங்கே போக யாருக்கும் வேலை இல்லை, தூரமும் யாருக்கும் மனப்பாடம் இல்லை. வானம் தெளிவு, காற்று அசையவில்லை. எனக்குக் காற்றின் மேல் பழி விழாத நாள் வேண்டியிருந்தது.

ஊரே வந்திருந்தது. ஒரு பக்கம் சால்மன் மீன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எவோன் விரலில்லாத கால்களை அகட்டி அகட்டி வைத்து நடந்து, ஒவ்வொரு விமானத்துக்கும் பெட்ரோல் ஊற்றினான். ஹாஸ்கலின் விமானத்துக்கு வந்தபோது நான் போய்ச் சொன்னேன்: "விளிம்பு வரைக்கும் ஊத்து. ஒரு சொட்டு குறையக் கூடாது." நான் ஹாஸ்கல் இல்லை. அவன் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும். வந்து என் முன்னால் நிற்க வேண்டும்.

ஹாஸ்கல் இறக்கையில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "எவோன், உன் மைலுக்கு ஊத்திராதப்பா, என் மைலுக்கு ஊத்து!"

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். எவோனும் சிரித்தான். அவன் அப்படிச் சிரிப்பதுதான் எனக்கு ஆறவே ஆறாது.

அளக்கும் நேரம் வந்தது. பதிவேட்டில் இந்த வருஷம் புதிதாக ஒரு பத்தி போட்டிருந்தேன்: கயிறு யாருடையது. எல்லாரும் எழுதினார்கள். ஹாஸ்கல் வந்து ஆணியில் தொங்கிய கயிற்றைச் செல்லமாகத் தட்டினான்.

"லைல், கயிறு உங்களுதுதானே? கையெழுத்து வேணும்" என்றேன்.

"என்ன நாஸ்தா புதுசா? எண்பத்தேழுலேர்ந்து இதே ஆணி, இதே கயிறு. விசாரணைக்கு வந்தவனே அளந்து பாத்து சரின்னு சொன்ன கயிறு. என் கையால போட்ட முடிச்சு."

"அதையே எழுதிடுங்க. யாரும் அப்புறம் புகார் சொல்லக் கூடாது பாருங்க."

கூட்டத்துக்குக் கண்ணடித்துவிட்டு, சொன்னதை அப்படியே எழுதிப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டான். பிறகு கயிற்றை இழுத்தான். உதடு அசைய எண்ணினான். பன்னிரண்டு முடிச்சு. சீட்டை மடித்துக் கொடுத்தான். மேசைக்கு அடியில் பிரித்துப் பார்த்தேன்: 120 மைல், போய்வர இரண்டு மணி நேரம் மூன்று நிமிஷம். நிஜத்தில் அது 138 மைல். 

ஐந்து நிமிஷ இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கிளம்பின. முதலில் ஹாஸ்கல், அடுத்து கெல்சி. கெல்சி போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண். ஹாஸ்கல் அவளை "பாப்பா" என்று கூப்பிடுவான்.

ஹாஸ்கல் கிளம்பி இரண்டு மணி நேரம் மூன்று நிமிஷம் ஆனபோது எல்லாரும் மேற்கே பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பத்து நிமிஷம் போயிற்று. ஆர்ன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவன், "என்னடா, லைல் எவோன் மைல் ஓட்றானா?" என்றான். பெரிய சிரிப்பு. எவோன் பெட்ரோல் குழாயைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

ஹாஸ்கல் இறங்கியபோது இரண்டு மணி நேரம் இருபத்தொரு நிமிஷம் ஆகியிருந்தது. பதினெட்டு நிமிஷம் பிசகு. பின்னாலேயே கெல்சி வந்தாள். அவள் எழுதியதற்கும் வந்ததற்கும் இருபது விநாடி வித்தியாசம்.

 ஹாஸ்கலின் முகம் சுட்ட சால்மன் நிறத்தில் இருந்தது. நேராக அலுவலகத்துக்குள் போனான். கூட்டமும் பின்னாலேயே போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கயிற்றைப் பிடுங்கி வரைபடத்தின் அடியில் இருந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தான்.

"கடல் மைல்!" என்று கத்தினான். "எந்த முட்டாப்பய கட்டினது இது? முடிச்செல்லாம் கடல் மைல்ல இருக்கு! இத நம்பி ஒருத்தன் பெட்ரோல் ஊத்திட்டுப் போனா என்ன ஆவான்? பாதி வழில விழுந்து சாவான்!"

 நான் எழுந்து நின்றேன். பன்னிரண்டு வருஷம் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

 பதிவேட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். "காலைல நீங்கதான் எழுதினீங்க. எண்பத்தேழுலேர்ந்து இதே கயிறு. என் கையால போட்ட முடிச்சு. கையெழுத்து உங்களுதுதானே?"

"இது அது இல்ல."

"எது இல்ல?"

"இந்தக் கயிறு இல்ல! யாரோ மாத்தியிருக்காங்க! இதத்தான் நான் அன்னிக்கே அடுப்புல..."

அங்கே நிறுத்தினான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளைக்குக்கூட வாயை எப்போது மூடுவது என்று இவனைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

"சொல்லு லைல்" என்றேன். பன்னிரண்டு வருஷம் அவனை நீங்க என்று கூப்பிட்டிருக்கிறேன். "அடுப்புல போட்ட. அன்னிக்கி அடுப்பு அணைஞ்சு போயிருந்துச்சு. காலைல மூட்ட வந்தவ நான்தான். என் புருஷன் அங்க விறைச்சுக்கிட்டு இருக்கான், நீ இங்க உக்காந்து வேற கயிறு கட்டற. அப்புறம் அதிகாரிகிட்ட சத்தியம் பண்ற. பாவம், எண்ணத் தெரியலன்னு சொல்ற."

காலையில் ஆணியிலிருந்து கழற்றிய கயிற்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் போட்டேன். இரண்டிலும் அதே கடற்படை முடிச்சு. அந்த முடிச்சு எங்கள் ஊரில் வேறு யாருக்கும் வராது. ஆர்ன் இரண்டையும் பார்த்தார். இந்தத் தடவை தொட்டுப் பார்த்தார்.

"லைல், விமானச் சாவிய வச்சிட்டுப் போ" என்றார்.

"ஆர்ன், நான் சொல்றத..."

"சாவி. திங்கக்கிழமை அந்த அதிகாரிக்கு நானே போன் பண்றேன்."

கூட்டம் ஹாஸ்கலுக்கு வழி விட்டது. வழியில் நின்ற கெல்சி அவனிடம், "பாத்துப் போங்க, வீடு எத்தன மைலு?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிக்க வேண்டும் போலிருந்தது. அவன் தோள் கூனி, கார் சாவியைத் தேடி இரண்டு பைகளையும் தடவித் தடவிப் போனதை நான் கடைசி வரை நின்று பார்த்தேன். மனது குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே குளிர்ந்தது.

எவோன் எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அகட்டி அகட்டி நடந்து வரைபடத்திடம் போனான். கடல் மைல் கயிற்றை எடுத்து ஆணியில் மாட்டினான். மிச்சமிருந்த இரண்டு விரலால் டின் க்ரீக் வரை இழுத்துப் பிடித்து, சத்தமாக எண்ணினான். பதினாறில் நின்றான்.

"நூத்தி அறுபது" என்றான். "நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்."

கதவருகே நின்ற பெரிய மனிதர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். 'எவோன் மைல்' என்று வாய் கிழியச் சிரித்தவன் ஒருவன் வந்து அவன் தோளைத் தொட்டான். சுட்ட மீன் வந்தது, காப்பி வந்தது. எவோன் எல்லாரிடமும் கை குலுக்கினான். என்னை மட்டும் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து வண்டியை எடுக்கும்போதுதான் கேட்டான்.

"அந்தக் கயிறு இத்தன நாளா எங்க இருந்துச்சு?"

"வீட்டுலதான்."

"வீட்டுல எங்க?"

"மாவு டப்பால."

அவன் வண்டிக் கதவிலிருந்து கையை எடுத்தான். "தினம் காலைல அந்த டப்பாலேர்ந்து மாவு எடுத்து நான்தானே நாஸ்யா ரொட்டி சுடறேன்? தினம் காலைல, எப்பிடித் தப்பா எண்ணினோம்னு யோசிச்சுக்கிட்டேதானே சுடறேன்? உனக்குத் தெரியுமே. உங்கிட்டதானே சொல்லி அழுதேன்."

"அவன் வாயாலயே வரணும்னு..."

"அவன் வாயால" என்றான். "சரி."

வண்டியில் ஏறு என்றேன். ஏறவில்லை. வீட்டுக்கு மூன்று மைல், சரளைக்கல் சாலை, அந்தக் கால்களோடு நடந்தான். நான் பின்னாலேயே முதல் கியரில் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன். ஒரு தடவைகூட அவன் திரும்பிப் பார்க்கவில்லை.